படகு வாங்கியாச்சு... எங்கே நிறுத்துவது? காசிமேடு முதல் பட்டினப்பாக்கம் வரை இடம் இல்லாமல் திண்டாட்டம்

சென்னை—

சென்னையில் கார் வாங்குகிறவர் முதலில் கடனுக்கு அலைகிறார். வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான், "இதை எங்கேப்பா நிறுத்துறது?" என்று தெருவைப் பார்க்கிறார். படகு வாங்குகிறவர் நிலைமையும் இதேதான். ஆனால் ஒரு வித்தியாசம். தெருவில் நிறுத்திய காரில் யாராவது கோடு கிழித்து விட்டுப் போவார்கள். தப்பான இடத்தில் நிறுத்திய படகு ஒரே ராத்திரியில் பலகை பலகையாகப் போய்விடும். அதோடு ஒரு குடும்பத்தின் சோறும் போய்விடும்.

படகு கடலுக்குப் போகிற நேரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கரையில் கிடக்கிற நேரத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. தடைக்காலம், புயல் நாட்கள், மராமத்து நாட்கள் என்று கூட்டிப் பார்த்தால், ஒரு விசைப்படகு வருஷத்தில் சில மாதங்கள் சும்மா நிற்கிறது. நிற்கிற படகுக்கு ஆபத்து இல்லை என்று நினைத்தால் அது தவறு. சென்னை மீனவர்கள் படகைப் பறிகொடுத்த பெரிய சம்பவங்களில் பலவும் படகு கரையிலோ துறைமுகத்திலோ நின்றபோது நடந்தவைதான்.

இது பற்றிய விவரம் வருமாறு:

காசிமேட்டில் நெரிசல்

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் சென்னைப் பெருந்துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. 1970-களின் மத்தியில் வேலை ஆரம்பித்து, 1980-களில் முழு உபயோகத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் விசைப்படகு என்றால் பெரும்பாலும் 32 அடி மரப்படகு. "பாப்லோ போட்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சில நூறு படகுகள் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கல்லையும் காரையையும் கொட்டினார்கள்.

இன்றைக்கு அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் நிற்கின்றன. எண்ணிக்கை கூடியது பாதிக் கதைதான். மீதிக் கதை நீளத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 2020-ஆம் வருஷ கடல் மீன்பிடி விதிகளின்படி ஒரு படகு 24 மீட்டர் நீளம் வரை இருக்கலாம். அதாவது ஏறக்குறைய 79 அடி! பழைய 32 அடிப் படகு நின்ற இடத்தில் 60, 70 அடி ஸ்டீல் படகு வந்து நிற்கிறது. நீளம் இரண்டு மடங்கு, அகலமும் கூடுகிறது. ஒரு பெரிய படகு மூன்று, நான்கு பழைய படகுகளின் தண்ணீரை அடைத்துக் கொள்கிறது. துறைமுகம் மட்டும் வளரவில்லை.

அதனால் என்ன ஆகிறது? மேடையை ஒட்டி ஒரு படகு. அதன் விலாவில் இன்னொன்று. அதன் விலாவில் மற்றொன்று. இப்படி ஐந்து, ஆறு வரிசை. கடைசிப் படகுக்காரர் கரைக்கு வர வேண்டும் என்றால் அடுத்தவர் படகுகளின் மேல் தாவித் தாவித்தான் வர வேண்டும். உள்ளே மாட்டிய படகு வெளியே போக வேண்டும் என்றால், வெளியே நிற்கிறவர் கயிற்றை அவிழ்த்தால்தான் உண்டு. அவர் ஊருக்குப் போயிருந்தால்? காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த நெரிசலில் படகுகளுக்கு நடுவே தொங்குகிற பழைய லாரி டயர்தான் காப்பு. அதை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒரு டயர் அறுந்து விழுந்தால் இரும்புப் படகின் விளிம்பு பக்கத்து மரப்படகின் பலகையை அறுத்து விடும் என்பது படகுக்காரருக்குத் தெரியும். மரப்படகும் ஸ்டீல் படகும் அருகருகே நிற்கும்போது அடி வாங்குவது எப்போதும் மரம்தான்.

ஒரு சிகரெட்... 30 படகுகளுக்கு மேல் சாம்பல்

ஒட்டி ஒட்டி நிறுத்துவதில் இன்னொரு ஆபத்து உண்டு. அது தண்ணீரில் இல்லை. நெருப்பில்.

2023 நவம்பரில் ஆந்திராவில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ராத்திரி நேரத்தில் ஒரு படகு தீப்பிடித்தது. அடுத்த படகுக்குத் தாவியது. அதற்கு அடுத்ததற்கும் தாவியது. படகுகளில் டீசல் இருந்தது. சமையலுக்கு வைத்திருந்த கேஸ் சிலிண்டர்களும் இருந்தன. சிலிண்டர்கள் வெடித்தன. விடிவதற்குள் 30-க்கும் மேற்பட்ட விசைப்படகுகள் எரிந்து போய்விட்டன. ஆந்திர அரசு படகு விலையில் 80 சதவீதம் நஷ்டஈடு அறிவித்தது.

காரணம் என்ன? ஆரம்பத்தில் என்னென்னவோ வதந்தி. கடைசியில் போலீஸ் சொன்னது: படகில் உட்கார்ந்து குடித்தவர்கள் அணைக்காமல் போட்ட சிகரெட் வலையில் விழுந்து பற்றிக் கொண்டது!

நைலான் வலை நெருப்பைப் பார்த்தால் சும்மா எரியாது. உருகிச் சொட்டும். சொட்டுகிற இடமெல்லாம் பிடிக்கும். காசிமேட்டில் படகுகள் நிற்கிற நெருக்கம் விசாகப்பட்டினத்துக்குக் குறைந்தது அல்ல. நடுவில் மாட்டிய படகு தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எந்த வழியாகப் போகும்? கரையில் இருந்து பீய்ச்சுகிற தண்ணீர் ஆறாவது வரிசைக்கு எட்டுமா? இந்தக் கேள்விக்கு யாராவது அதிகாரி படம் போட்டு பதில் காட்டினால் நல்லது.

நிறுத்தி வைத்த படகில் சிலிண்டரை இறக்கி விடுவதும், வலையைச் சுருட்டித் தனியே வைப்பதும் காசு செலவு இல்லாத காரியம். ஆனால் வலையை வைக்க இடம்? அதற்கும் குடோன் வேண்டும். இடம் இல்லாதவர் வலையைப் படகிலேயே போட்டு வைக்கிறார். ஒரு இடப் பஞ்சம் இன்னொரு ஆபத்தைக் கொண்டு வருகிறது.

61 நாள் தடைக்காலம்

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகு மீன்பிடிக்கத் தடை. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்பதற்காக 2001-இல் இருந்து தமிழ்நாட்டில் இது நடக்கிறது. முதலில் 45 நாள். 2017 முதல் 61 நாள்.

தடை நல்லதா கெட்டதா என்பது வேறு விவகாரம். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான். சாதாரண நாட்களில் ஒரு பகுதிப் படகுகள் கடலில் இருக்கும். சில படகுகள் ஒரு வாரம், பத்து நாள் என்று தங்கி வரும். அதனால்தான் துறைமுகம் ஏதோ சமாளிக்கிறது. தடை தொடங்குகிற அன்று எல்லாப் படகும் உள்ளே! ஒரு படகு கூட வெளியே இல்லை. தியேட்டரில் நாலு காட்சி ஜனத்தையும் ஒரே காட்சிக்கு உள்ளே விட்ட மாதிரி.

61 நாள் படகு நிறுத்தச் சட்டம் போட்டார்கள். 61 நாள் படகு நிற்க இடம் போட்டார்களா? இல்லை. நிவாரணத் தொகை 5,000 ரூபாயில் இருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று 2023-இல் அறிவித்தார்கள். அது குடும்பத்துக்கு. படகுக்கு?

தடைக்காலத்தில்தான் மீன்வளத்துறை அதிகாரிகள் படகுகளை நேரில் பார்த்துத் தணிக்கை செய்கிறார்கள். பதிவு எண், எஞ்சின், நீளம் எல்லாம் பார்ப்பார்கள். காட்டாத படகுக்கு மானிய டீசலில் சிக்கல் வரும். ஆகையால் படகை தூரத்து ஊரில் கொண்டு போய் விட்டு வருவதும் எளிதல்ல.

அதே 61 நாளில்தான் மராமத்தும் பார்க்க வேண்டும். தண்ணீரிலேயே கிடக்கிற படகின் அடியில் கொட்டலசு ஒட்டிக் கொள்கிறது. சின்னச் சின்னச் சிப்பி மாதிரி இருக்கும். காலில் பட்டால் பிளேடு. அது அடர்ந்து விட்டால் படகு கனத்து, அதே வேகத்துக்கு அதிக டீசல் குடிக்கும். மரப்படகு என்றால் இன்னொரு எதிரியும் உண்டு. பலகைக்குள் துளை போட்டு வாழும் கடல் புழு. வெளியே பார்த்தால் பலகை ராஜா மாதிரி இருக்கும். உள்ளே சல்லடை.

இதற்கெல்லாம் படகைக் கரையேற்றினால்தான் முடியும். கிரேன் வைத்துத் தூக்க வேண்டும், அல்லது சிலிப்வேயில் வின்ச் போட்டு இழுக்க வேண்டும். ஏறிய பிறகு அடியைச் சுரண்டி, பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலபத்து அடித்து, பெயிண்ட் பூச வேண்டும். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேண்டும். கிரேனும் தச்சரும் வெல்டரும் எண்ணிக்கையில் கொஞ்சம். கூலி ஏறுகிறது. வரிசை நீள்கிறது. பணம் உள்ளவர் முதல் வாரத்திலேயே ஏற்றி விடுகிறார். கடன்காரர் கடைசியில். ஜூன் நெருங்கும்போது பெயிண்ட் காயாமலே தண்ணீரில் இறக்குகிற படகுகள் அவருடையவை.

கரையேற்றி வைப்பதுதான் பாதுகாப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவும் முடியாது. மரப்படகை மாதக் கணக்கில் வெயிலில் போட்டால் பலகை சுருங்கி இடுக்கு விடும். திரும்ப இறக்கிய அன்று ஊற்றெடுக்கும். ஸ்டீல் படகுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குத் துருதான் எமன். ஆக, மரத்துக்கு ஒரு கணக்கு, இரும்புக்கு ஒரு கணக்கு. தாங்கு கட்டையை சரியான இடத்தில் முட்டுக் கொடுக்காமல் வைத்தால் எந்தப் படகும் தன் எடையிலேயே முறுக்கிக் கொள்ளும்.

கூண்டு ஏறினால் நெஞ்சு படபடப்பு

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். 1-ஆம் எண் என்றால் எங்கோ தூரத்தில். 10-ஆம் எண் என்றால் பெரிய ஆபத்து. ஊர் ஜனம் டி.வி. பார்த்துத் தெரிந்து கொள்கிறது. படகுக்காரர் அண்ணாந்து கூண்டைப் பார்க்கிறார்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் ராத்திரி கரையைக் கடந்தது. காசிமேட்டில் கட்டி வைத்த படகுகள் ஒன்றோடு ஒன்று மோதி உடைந்தன. பல மூழ்கின. அவை நடுக்கடலில் இருந்த படகுகள் அல்ல. "பத்திரமாக" துறைமுகத்துக்குள் இருந்தவை!

ஏன் இப்படி? காற்று இரண்டு மடங்கு வேகமானால் படகின் மேல் விழுகிற அழுத்தம் நான்கு மடங்கு ஆகும். 50 கிலோ மீட்டர் காற்றைத் தாங்கிய கயிறு 100 கிலோ மீட்டர் காற்றில் நான்கு மடங்கு இழுவையைப் பார்க்கிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையிலேயே கரை ஏறியபோது காற்று 100-ஐத் தாண்டியது. அதில் இன்னொரு வித்தையும் நடந்தது. முதலில் ஒரு பக்கம் இருந்து அடித்த காற்று, புயலின் கண் கடந்தபின் எதிர்ப் பக்கத்தில் இருந்து அடித்தது. ஒரு பக்கக் காற்றுக்கு மட்டும் கட்டிய படகு, அடுத்த பக்கத்தில் அனாதை.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அணியத்தில் இரண்டு, பின்பக்கம் இரண்டு, குறுக்கே ஒன்று என்று கட்டுகிறார்கள். கயிற்றை இழுத்து விறைப்பாகக் கட்டுவதில்லை. கடல் ஏறி இறங்கும்போது படகும் ஏறி இறங்கக் கொஞ்சம் தளர்வு விடுகிறார்கள். நைலான் கயிறு நீண்டு கொடுக்கும். திடீர் உலுக்கலை விழுங்கும். மேடை விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் பழைய சாக்கையோ ரப்பரையோ சுற்றுகிறார்கள். அறுபடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மூழ்கிய படகுகள் எல்லாம் அலை அடித்து மூழ்கியவை அல்ல. பாதி மழைத் தண்ணீரால் மூழ்கியவை. ராத்திரி முழுதும் கொட்டுகிற மழை படகுக்குள் நிறைகிறது. பம்ப் போட ஆள் இல்லை. அதனால்தான் புயல் ராத்திரியில் வீட்டுப் பெண்கள் தடுத்தும் கேளாமல் சிலர் படகிலேயே படுக்கிறார்கள். படகை விடவும் மனம் இல்லை. உயிரைப் பற்றியும் பயம். அரசாங்கம் "யாரும் போகாதே" என்று ஒலிபெருக்கியில் சொல்கிறது. சொல்வது நியாயம். ஆனால் லட்சக் கணக்கில் கடன் நிற்கிற படகு. 2017-இல் பாக் நீரிணை ஆழ்கடல் படகுத் திட்டம் போட்டபோது ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று அரசே கணக்கு எழுதியது. அதில் 70 சதவீதம் மானியம் என்றாலும் மீதி 24 லட்சம் மீனவர் தலையில். இது மானியம் கிடைத்தவர் கணக்கு.

மெரினா மணல் யாருக்கு?

இனி பைபர் படகுகள். இவைதான் சென்னையில் தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற படகுகள். நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், சீனிவாசபுரம், ஊரூர் குப்பம் என்று மணலில் வரிசையாகக் கிடக்கும்.

முன்பு இங்கே கட்டுமரம் இருந்தது. கட்டுமரத்தை வைக்கத் தனி இடமே வேண்டாம். கடலில் இருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாகக் காயப் போட்டு விடுவார்கள். இரண்டு மூன்று பேர் போதும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மரமும் போச்சு, வலையும் போச்சு. நிவாரணமாகவும் மானியமாகவும் பைபர் படகுகள் வந்து குவிந்தன. வேகம் உண்டு, மீன் அதிகம் ஏற்றலாம். ஆனால் அவிழ்த்து வைக்க முடியாது! முப்பது அடி முப்பது அடிதான். இழுத்து மேலே ஏற்ற பத்து பேர் தோள் கொடுக்க வேண்டும், இல்லை வாடகைக்கு டிராக்டர் வேண்டும்.

மணலில் இழுக்க இழுக்க அடிப்பூச்சு தேய்கிறது. உள்ளே இருக்கிற நார் தெரிய ஆரம்பிக்கும். தண்ணீர் நாருக்குள் போனால் படகு கனத்து விடும். உருளைக் கட்டை போட்டு இழுக்கிறவர் படகு பல வருஷம் அதிகம் உழைக்கிறது. அடியில் உள்ள மூடியைத் திறந்து வைத்தால் மழைத் தண்ணீர் வடிந்து விடும். இல்லாவிட்டால் தண்ணீர் எடையிலேயே விரிசல் விடும். எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். விட்டு வைத்தால் விடிவதற்குள் காணாமல் போகும் என்ற பயம். தீபாவளி ராத்திரி வலைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் காவல். ராக்கெட்டுக்கு வலை எது, வானம் எது என்று தெரியாது அல்லவா?

இந்த மணலுக்காக ரத்தமே சிந்தியிருக்கிறது. 1985-ஆம் வருஷக் கடைசியில் மெரினாவை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லி, கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றும் வேலை தொடங்கியது. அப்போது எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சர். மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. மீனவர்கள் பிணமாக விழுந்தார்கள். படகு நிறுத்தும் இடம் என்றால் சாதாரண விஷயம் என்று நினைக்கிறவர்கள் நொச்சிக்குப்பத்துப் பெரியவர்களிடம் அந்த டிசம்பரைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

லூப் ரோட்டில் மீன் கடைகளால் போக்குவரத்து நெரிசல் என்று 2023-இல் சென்னை ஐகோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்தது. கடைகளை அகற்றப் போனபோது மறியல் நடந்தது. 2024-இல் நவீன மீன் அங்காடி திறந்தார்கள். மீனுக்குக் கட்டிடம் வந்தது. படகு இன்னமும் அதே மணலில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2011-ஆம் வருஷக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில், மீனவர் கிராமங்களையும் அவர்களுடைய பொது உபயோக இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று இருக்கிறது. படகு நிறுத்துவது, வலை பின்னுவது, கருவாடு காயப் போடுவது எல்லாம் அந்தப் பொது இடத்தில்தான். வரைபடத்தில் குறிக்காத மணல் வெறும் "காலி இடம்". காலி இடத்தைப் பார்த்தால் அதிகாரிகளுக்குப் பூங்கா கட்டத் தோன்றும். நடைபாதை போடத் தோன்றும். பட்டா இல்லாத மணலில் அப்பா, தாத்தா காலத்தில் இருந்து படகு போடுகிறவன் ஒரு பலகை நட்டு "இது என் இடம்" என்று எழுத முடியுமா?

வடக்கே கல், தெற்கே மணல்

தென் சென்னைக்கு மணல் இருக்கிறது. வடசென்னைக்கு அதுவும் இல்லை. இது இயற்கையின் ஓரவஞ்சனை அல்ல. மனிதன் செய்தது.

1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் கல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-இல் ஒரு புயல் அதை உடைத்தது, திரும்பவும் கட்டினார்கள். தெற்கில் இருந்து வடக்கே நகரும் மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டு தெற்கே குவிந்தது. இன்றைய அகலமான மெரினா அப்படி வந்ததுதான். வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்றது. தெருக்களே போயின. கடலைத் தடுக்கப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். கல் வீட்டைக் காப்பாற்றியது, படகைக் காப்பாற்றவில்லை. பாறாங்கல் மேல் பைபர் படகை எப்படி இழுப்பது? தூண்டில் வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்த இடத்தில் எல்லோரும் நெருக்கிப் போடுகிறார்கள்.

இன்னும் வடக்கே எண்ணூரில் முகத்துவாரத்துக்குள் படகைக் கட்டுகிறார்கள். அலை இல்லாத தண்ணீர். புயலுக்கு நல்ல ஒதுங்கிடம் என்று நம்பிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. காற்றில் தப்பிய படகுகளுக்கு வெள்ளத்தில் ஆபத்து வந்தது. மணலித் தொழிற்பேட்டைப் பக்கம் இருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் முகத்துவாரத்தில் இறங்கியது. படகு, வலை, கயிறு எல்லாம் தார் பூசின மாதிரி கறுப்பு. எண்ணெய் ஊறிய வலையைத் துவைத்துப் பயன் இல்லை; தூக்கிப் போட வேண்டியதுதான். படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தார்கள். ஆற்றோரம் படகு நிறுத்துகிறவர் இப்போது ஆற்றுக்கு மேலே என்ன கம்பெனி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது!

வாரிசு இல்லாத படகுகள்

இட நெருக்கடிக்கு யாரும் பேசாத ஒரு காரணம் உண்டு. செத்த படகுகள். காசிமேட்டுத் தண்ணீருக்கு அடியில் மூழ்கிய படகுகளும், கரையில் உளுத்த படகுகளும் இடத்தை அடைத்துக் கொண்டிருக்கின்றன. மரப்படகை உடைத்தால் விறகு. ஸ்டீல் படகை உடைத்தால் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுப்பார். பைபர் படகை? மக்காது. எரித்தால் விஷப் புகை. காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை. உடைத்து எடுத்துப் போகச் செலவு. ஆகவே சொந்தக்காரர் மணலிலேயே விட்டு விடுகிறார். புதுப் படகு வாங்கியவர் அதற்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். இப்படியே கரை சுருங்குகிறது.

கவனிக்க ஆள் இல்லாமல் நின்ற படகு என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் சாட்சி உண்டு. எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட தமிழ்நாட்டுப் படகுகள் வருஷக் கணக்கில் அந்தக் கரைகளில் கிடந்தன. 2022 பிப்ரவரியில் 105 படகுகளை இலங்கை அரசு ஏலம் விட்டது. ஆள் இல்லாமல் இத்தனை வருஷம் கிடந்த படகு ஏலத்தில் கடைசியில் விறகு விலைக்கும் இரும்பு விலைக்கும்தான் பேசப்படும்.

பணக்காரர் படகுக்குக் கவலை இல்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-இல் இருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. பாய்மரப் பந்தயப் படகை ஓட்டி முடித்ததும் டிராலியில் ஏற்றிக் கரையில் வைத்து, மேலே உறை மாட்டி விடலாம். வாரத்துக்கு ஒரு நாள் ஓடுகிற படகு அது. வாரம் முழுதும் ஓடுகிற படகுக்கு அந்த உறையும் கிடையாது, டிராலியும் கிடையாது.

புதிய துறைமுகம் தீர்வா?

திருவொற்றியூரில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டி 2025-இல் திறந்தார்கள். காசிமேட்டின் பாரம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. பெரிய படகுகள் அங்கே நகர்ந்தால் உண்மையிலேயே குறையும். ஆனால் படகு நகர்வது நங்கூரத்தைத் தூக்குவது போல லேசான காரியம் அல்ல. ஐஸ் எங்கே கிடைக்கிறதோ, டீசல் எங்கே கிடைக்கிறதோ, ஏலம் எடுக்கிற வியாபாரி எங்கே நிற்கிறாரோ அங்கேதான் படகு நிற்கும். வெல்டர் கடையும், வலைக் கடையும், கடன் கொடுக்கிற ஏஜெண்டும் காசிமேட்டில் இருக்கிறவரை, ஆறாவது வரிசையில் நின்றாலும் அங்கேயே நிற்கலாம் என்றுதான் படகுக்காரர் நினைப்பார். மேடையை மட்டும் கட்டிவிட்டுப் படகை எதிர்பார்ப்பது, பஸ் ஸ்டாண்டை மட்டும் கட்டிவிட்டுக் கூட்டத்தை எதிர்பார்ப்பது போல. கோயம்பேட்டில் இருந்து கிளாம்பாக்கம் போன ஆம்னி பஸ்காரர்கள் 2024-இல் என்ன பாடு பட்டார்கள், பயணிகள் என்ன பாடு பட்டார்கள் என்பது இந்தப் பேப்பரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

பழைய மேடையிலேயே செய்யக்கூடியது இருக்கிறது. மூழ்கிய படகுகளைத் தூக்கி எடுத்தால் தண்ணீர் கிடைக்கும். ஸ்டீல் படகுக்கு ஒரு பக்கம், மரப்படகுக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால் புயலில் பாதி சேதம் குறையும். இத்தனை படகுக்கு ஒரு இடைவெளி என்று தண்ணீரில் சந்து விட்டால் தீ தாவாது. தீயணைக்கும் படகு உள்ளே போகலாம். கரையேற்றுவதற்கு முன்கூட்டியே டோக்கன் கொடுத்தால் கடைசி வாரத்து அடிதடி இருக்காது. இதற்குக் கோடிக் கணக்கில் டெண்டர் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, யாருக்கும் அவசரம் இல்லை.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடிகிறது. ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, பூஜை போட்டு எல்லாப் படகும் தயாராக நிற்கும். கடைசியாக வந்து வெளி வரிசையில் கட்டிய படகுதான் முதலில் கிளம்பும். முதல் நாளே வந்து மேடையை ஒட்டி இடம் பிடித்தவர், முன்னால் நிற்கிற ஐந்து படகும் அவிழ்கிற வரை எஞ்சினை ஓட விட்டுக் கொண்டு காத்திருக்க வேண்டும்.